குழாயில் சுற்றிய அச்சு வெப்பமின் படலம் அரை மில்லிவோல்ட் கூடத் தரவில்லை: குறை மையிலா?

அச்சுமை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். பத்தொன்பது ஆண்டுகளாக ஸ்கிரீன் பிரிண்டிங் என் தொழில். மெம்பிரேன் சுவிட்சுகளுக்கு வெள்ளிப்பசையில் சுற்று அச்சிடுவதில் கை பழகியவன். இரண்டு ஆண்டுகளாக மாலை நேரங்களில் வேறொரு வேலையில் இறங்கியிருக்கிறேன். வெப்பத்தை நேரடியாக மின்சாரமாக்கும் படலத்தை, எனக்குத் தெரிந்த அதே சட்டம், மை தள்ளும் அதே ரப்பர் பட்டை (ஸ்க்யூஜி) கொண்டு அச்சிட வேண்டும் என்பது என் ஆசை.

எதற்காக என்றும் சொல்லிவிடுகிறேன். ஒரு வெந்நீர்க் குழாயின் மேல் வெப்பநிலை உணரி ஒன்று இருக்கிறது. அதன் பேட்டரி தீர்ந்தால் மாற்ற ஆள் வருவதில்லை, உணரி மாதக்கணக்கில் ஊமையாகக் கிடக்கிறது. அந்தக் குழாயே அதற்கு மின்சாரம் கொடுக்கட்டும் என்று நினைத்தேன். வெப்பத்தை மின்சாரமாக்க வழக்கமாகப் பயன்படுத்தும், பீங்கான் தகடு வைத்த பெல்டியர் வில்லை தட்டையானது. உருண்ட குழாயின் மேல் ஒரு கோட்டில்தான் தொடும். எனவே வளையும் படலம்தான் வேண்டும்.

செய்ததைச் சொல்கிறேன். இதற்கு எதிரெதிர் குறியில் மின்னழுத்தம் தரும் இரண்டு பொருள்கள் ஜோடியாக வேண்டும்: பி (p) வகைக்கு பிஸ்மத் ஆன்டிமனி டெல்லுரைடு தூள், என் (n) வகைக்கு செலினியம் கலந்த பிஸ்மத் டெல்லுரைடு தூள். இரண்டையும் எத்தில் செல்லுலோஸ், டெர்பினியால் சேர்த்து மையாக்கினேன். சூடு தாங்கும் 50 மைக்ரான் காப்டான் பிளாஸ்டிக் ஏட்டில் முதலில் வழக்கமான வெள்ளிப்பசை, அதன் மேல் 4 மில்லிமீட்டர் சதுரக் கட்டங்களாக பி, என் மாறி மாறி, பல தடவை அச்சிட்டு 80 மைக்ரான் தடிமன். நைட்ரஜன் ஓட்டத்தில் 300 டிகிரி, அரை மணி நேரம். பிறகு மேல்பக்க வெள்ளி, அதற்கும் மேல் இன்னொரு காப்டான். மொத்தம் 16 ஜோடி.

சோதனைப் பட்டையில் சீபெக், அதாவது ஒரு டிகிரி வித்தியாசத்துக்குக் கிடைக்கும் மின்னழுத்தம், அளந்தேன்: பி வகை கெல்வினுக்கு 165 மைக்ரோவோல்ட், என் வகை கழித்தல் 120. மின்கடத்துதிறன் சென்டிமீட்டருக்கு 50 சீமென்ஸ் அளவில் இருக்கிறது. குழாயின் மேற்பரப்பு 78 டிகிரி, அறைக் காற்று 28. பதினாறு ஜோடிக்கு 50 டிகிரி வித்தியாசம் என்று கணக்குப் போட்டால் 228 மில்லிவோல்ட் வர வேண்டும். மல்டிமீட்டர் காட்டியது 0.4 மில்லிவோல்ட்.

மூன்று முறை புதிதாக அச்சிட்டேன். மூன்றிலும் இதே கதைதான். மொத்த மின்தடை 41 ஓம் இருக்கிறது, எங்கும் அறுபடவில்லை. ஒரு விஷயம் மட்டும் விளங்கவில்லை: ஈரத்துணியால் படலத்தை அழுத்தினால் 9 மில்லிவோல்ட் வரை ஏறுகிறது. கையை எடுத்ததும் விழுந்துவிடுகிறது. மை சரியில்லையா? இன்னும் நல்ல தூள் வாங்க வேண்டுமா? வழி காட்டுங்கள்.


வெண்பனி எழுதியது:

அச்சுமை அண்ணா, உங்கள் மையில் குறை இல்லை. ஈரத்துணி உங்களுக்கு விடையைச் சொல்லிவிட்டது.

228 மில்லிவோல்ட் என்ற கணக்கில், குழாய்க்கும் காற்றுக்கும் இடையிலுள்ள 50 டிகிரியும் உங்கள் படலத்தின் இரு முகங்களுக்கு நடுவே விழுவதாக எடுத்துக்கொண்டீர்கள். அப்படி விழுவதில்லை. வெப்பம் குழாயிலிருந்து காற்றுக்குப் போகும் வழியில் பல தடைகளைக் கடக்கிறது. வெப்பநிலை வித்தியாசம் அந்தத் தடைகளுக்குள், அவற்றின் அளவுக்கேற்பப் பங்கிடப்படும். மின்தடைகளைத் தொடராக வைத்தால் மின்னழுத்தம் பங்கிடப்படுவது போலவேதான்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். அசையாத அறைக் காற்று ஒரு பரப்பிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்லும் திறன், கதிர்வீச்சையும் சேர்த்து, சதுர மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு ஏறத்தாழ 10 வாட். அந்தக் காற்றின் வெப்பத்தடையை 1000 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவுகோலில் உங்கள் இரண்டு காப்டான் ஏடுகளும் சேர்ந்து சுமார் 8. உங்கள் 80 மைக்ரான் படலம் 1.6 மட்டுமே, அச்சிட்டு, துளைகளோடு இருக்கும் டெல்லுரைடின் வெப்பக் கடத்துதிறனை மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு 0.5 வாட் என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். ஆக 50 டிகிரியில் உங்கள் படலத்துக்குக் கிடைத்த பங்கு 0.08 டிகிரி. பதினாறு ஜோடிக்கு அது 0.36 மில்லிவோல்ட். நீங்கள் அளந்தது 0.4. இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் அளவீட்டை நான் அதிகம் பார்த்ததில்லை. நீங்கள் அக்கறையாக அளந்திருக்கிறீர்கள்.

ஈரத்துணி வைத்தபோது காற்றின் தடை சரிந்தது. படலத்தின் பங்கு இரண்டு டிகிரிக்கு உயர்ந்தது. அதுதான் அந்த 9 மில்லிவோல்ட்.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. என் முனைவர் ஆய்வில் ஒன்றரை ஆண்டை இதே குழியில் கழித்திருக்கிறேன். வெப்பமின் பொருளின் தரத்தைச் சொல்லும் இசட்டி (ZT) என்ற ஒற்றை எண்ணைத் துரத்திக்கொண்டிருந்தேன். சீபெக்கின் வர்க்கத்தை மின்கடத்துதிறனாலும் வெப்பநிலையாலும் பெருக்கி, வெப்பக் கடத்துதிறனால் வகுத்தால் வருவது. உருக்கி வார்த்த பிஸ்மத் டெல்லுரைடுக்கு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 1. உங்கள் பி வகை மைக்கு 0.08 அளவில் வரும். என்னுடையதும் அப்படித்தான் தொடங்கியது. பந்து ஆலையில் அரைப்பதை மாற்றினேன், சூட்டை மாற்றினேன், அழுத்தி இறுக்கினேன். எண் மூன்று மடங்கானது. ஆனால் மணிக்கட்டில் கட்டிய படலம் முன்பு தந்ததையே தந்தது. தோல் 33 டிகிரி, காற்று 25, படலத்தின் பங்கு நூறில் ஒரு டிகிரிகூட இல்லை. அதை யாராவது முதல் நாளே காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தால் என்று பிறகு எத்தனையோ முறை எண்ணியிருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மின்கடத்துதிறனைப் பத்து மடங்கு உயர்த்தினாலும் உங்கள் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதையும் இணைக்காமல் அளப்பது) ஒரு மைக்ரோவோல்ட்கூட ஏறாது. அது சீபெக்கையும் வெப்பநிலை வித்தியாசத்தையும் மட்டுமே பொறுத்தது.

செய்ய வேண்டியது படலத்தைத் திருப்பி வைப்பது. வெப்பம் தடிமன் வழியாகப் பாயாமல் நீளம் வழியாகப் பாயட்டும். கால், அதாவது ஒவ்வொரு பி அல்லது என் துண்டு, வெப்பம் பாயும் திசையில் 80 மைக்ரானாக இல்லாமல் பல மில்லிமீட்டராக ஆகிவிடும். ஒரு முனை குழாயைத் தொட வேண்டும், மறுமுனை காற்றில் எழுந்து நிற்க வேண்டும். இங்கே மெல்லிய படலம் உங்களுக்கு உதவியும் செய்கிறது. இவ்வளவு மெல்லிய பட்டை இரு பக்கமும் காற்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் தானே வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுக்கும் குளிர்த்தகடாகிவிடும். உங்கள் அளவுகளுக்குக் கணக்குப் போட்டேன்: நகராத அறைக் காற்றில், குழாயை விட்டு ஒவ்வொரு 1.5 மில்லிமீட்டர் மேலே போகும்போதும், காற்றைவிடக் கூடுதலாக இருக்கும் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்று அதிகம் மட்டுமே மிஞ்சும். தனியாகக் குளிர்த்தகடு ஒட்ட வேண்டியதே இல்லை. ஆனால் குழாயை ஒட்டியிருக்கும் காற்றும் சில மில்லிமீட்டர் தூரத்துக்குச் சூடாகவே இருக்கும். அதையும் தாண்டி நிற்கும் அளவுக்குக் கால் நீளம் வேண்டும். 10 முதல் 12 மில்லிமீட்டரில் தொடங்குங்கள்.

ஒரே ஏட்டில் ஒரு பி, ஒரு என் என்று வரிசையாக நீளவாக்கில் அச்சிட்டு, விசிறி மடிப்பாக மடித்தால் பி ஏறுமுகத்திலும் என் இறங்குமுகத்திலும் வரும். மடிப்பு விழும் இடத்தில் டெல்லுரைடு இருக்கக் கூடாது, வெள்ளி மட்டும் இருக்கட்டும். டெல்லுரைடு படலம் குழாய் வளைவைத் தாங்கும். கூர்மடிப்பைத் தாங்காது, விரிசல் விட்டுவிடும்.

இன்னொன்று, தயவுசெய்து கேளுங்கள். அந்தத் தூளை முகமூடியும் கையுறையும் இல்லாமல் கையாளாதீர்கள். டெல்லூரியம் உடலுக்குள் போனால் மூச்சில் நாள்கணக்கில் பூண்டு வாடை வரும். அந்த வாடை வந்தால் தூள் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.


துகள் எழுதியது:

வெண்பனி சொன்னது மின்னழுத்தத்துக்கு. நான் அந்த 41 ஓமைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அதிலும் ஒரு நோய் இருக்கிறது.

உங்கள் கட்டங்கள் ஒவ்வொன்றின் மின்தடையைக் கணக்கிட்டால் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்குதான். முப்பத்திரண்டும் சேர்ந்தாலும் 0.03 ஓம். வெள்ளித் தடங்களுக்கு 5 ஓம் விட்டுக்கொடுத்தாலும் மிச்சம் 36 ஓம் எங்கே போனது? வெள்ளியும் டெல்லுரைடும் சந்திக்கும் 64 இடங்களில். ஒவ்வொன்றும் அரை ஓமுக்கு மேல் தின்கிறது.

காரணம் உங்கள் எழுத்திலேயே இருக்கிறது: "வழக்கமான வெள்ளிப்பசை". மெம்பிரேன் சுவிட்ச் பசை பிசினில் கலந்த வெள்ளி. 130 டிகிரி அளவில் உலர்த்தப் பழகியது. அதை அடியில் வைத்து 300 டிகிரிக்குக் கொண்டுபோனால் பிசின் சிதைந்து கருகும், வெள்ளித் துகள்கள் பிடிப்பை இழக்கும். வரிசையை மாற்றுங்கள். முதலில் டெல்லுரைடை அச்சிட்டுச் சூடாக்கி முடியுங்கள். ஆறிய பிறகு வெள்ளியை அச்சிட்டு, அதற்குரிய சூட்டில் மட்டும் உலர்த்துங்கள். நீளவாக்கு அமைப்பில் இது எளிது, இரண்டும் ஒரே முகத்தில்தானே இருக்கின்றன.

சூடாக்கிய படலத்தின் மேல் ஆக்சைடு தோல் இருக்கும். வெள்ளி வைப்பதற்குச் சற்று முன் தொடும் இடங்களை மட்டும் மிக மென்மையான தேய்ப்புத் தாளால் ஒரு முறை வருடிவிடுங்கள்.

தொடுமின்தடையை ஊகிக்க வேண்டாம், அளந்துவிடலாம். ஒரே அகலத்தில் 2, 4, 8, 16 மில்லிமீட்டர் நீளப் பட்டைகளை அச்சிட்டு, இரு முனையிலும் வெள்ளி வைத்து, மின்தடையை நீளத்துக்கு எதிராக வரையுங்கள். கோட்டை நீளம் சுழியாகும் இடம்வரை நீட்டினால் மிஞ்சுவது இரண்டு தொடுமுனைகளின் தடை. உங்களிடம் சட்டம் இருக்கிறது, ஒரு பகல் வேலை.

நீண்டகாலத்துக்கு ஓர் எச்சரிக்கை: வெள்ளி மெல்ல மெல்ல டெல்லுரைடுக்குள் ஊடுருவும். இப்படி உலோகம் ஊடுருவாமல் இருக்கத்தான் பெல்டியர் போன்ற வார்ப்பு வில்லைகளில் நடுவே நிக்கல் பூச்சு வைக்கிறார்கள். 78 டிகிரியில் வேகம் குறைவாக இருக்கும், ஆனாலும் மாதம் ஒருமுறை மின்தடையைக் குறித்து வையுங்கள்.


அச்சுமை எழுதியது:

வெண்பனி சகோதரி, துகள் ஐயா, இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அந்த 1000, 8, 1.6 எண்களை இரவு முழுவதும் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தொகுதி அச்சிட்டேனே, ஒருமுறைகூட வெப்பம் எந்த வழியாகப் போகிறது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பசை கருகிய விஷயமும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது, என் தொழிலே அதுதான்.

ஒரு சந்தேகம். பெடாட் பிஎஸ்எஸ் என்ற கடத்தும் பாலிமர் மை தண்ணீரிலேயே கரைகிறது, எப்படி மடித்தாலும் உடையாது என்கிறார்கள். அதற்கு மாறிவிடலாமா? நைட்ரஜனும் வேண்டாம், 300 டிகிரியும் வேண்டாம்.


வெண்பனி எழுதியது:

ஆசை வரும், எனக்கும் வந்தது. அச்சிட அருமையான பொருள். எத்திலீன் கிளைக்கால் போன்ற ஒன்றைக் கொஞ்சம் சேர்த்தால் கடத்துதிறன் நூறு மடங்குக்கு மேல் ஏறும். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு அதில் இசட்டி 0.42 காட்டியது. ஆனால் அதன் சீபெக் பெரும்பாலும் கெல்வினுக்கு 15 முதல் 20 மைக்ரோவோல்ட்தான். உங்கள் பி மையின் எட்டில் ஒரு பங்கு. அதே மின்னழுத்தத்துக்கு எட்டு மடங்கு கால்கள் வேண்டும். அதற்கு இணையான, காற்றில் கெடாத என் வகைப் பாலிமரும் கிடைப்பது கடினம். கையில் இருப்பதை விட வேண்டாம்.

என் வகை உங்களைத் தொல்லைப்படுத்தினால் சில்வர் செலினைடு பக்கம் பாருங்கள். அறை வெப்பநிலைக்கு அருகில் நன்றாக வேலை செய்கிறது, அச்சிட்ட படலமாகவும் நல்ல பலன் தந்திருக்கிறது. 133 டிகிரி அளவில் அதன் படிக அமைப்பு மாறும். உங்கள் குழாய் அதற்கு வெகு கீழே இருக்கிறது.


மின்கலம் எழுதியது:

சுற்று பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அடுத்து நீங்கள் தடுக்கி விழும் இடம் அதுதான்.

வெப்பமின் அறுவடை என்றதும் எல்லோரும் சிறு மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் எல்டிசி3108 (LTC3108) சிப்பைச் சொல்வார்கள். 1:100 டிரான்ஸ்ஃபார்மருடன் 20 மில்லிவோல்ட்டிலேயே எழுந்துவிடும், உண்மை. ஆனால் அதன் உள்ளீட்டுத் தடை சில ஓம்தான். அது வார்ப்பு வில்லைகளுக்காகச் செய்யப்பட்டது, அவற்றின் தடையும் சில ஓம்தான். நீளவாக்கில் அச்சிட்ட உங்கள் கால்கள் முப்பத்திரண்டும் சேர்ந்து 240 ஓமாவது வரும். அதோடு இணைத்தால் மின்னழுத்தம் நூறில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். சிப் எழவே எழாது. படலம் கெட்டுவிட்டது என்று நீங்கள் மறுபடி மையை நோண்டத் தொடங்குவீர்கள். அதைத் தடுக்கத்தான் இப்போதே எழுதுகிறேன்.

உச்சத் திறன் கிடைப்பது வெளித்தடை உள்தடைக்குச் சமமாகும்போது. அப்போது மின்னழுத்தம் பாதியாகும். திறன் என்பது திறந்த சுற்று மின்னழுத்தத்தின் வர்க்கத்தை உள்தடையின் நான்கு மடங்கால் வகுத்தது. அச்சுப் படலத்தின் குணம் உயர் தடை, சிறு மின்னோட்டம். உட்புற வெளிச்சத்தில் இயங்கும் சூரியத் தகடுகளுக்கான அறுவடைச் சிப்களே அதற்குப் பொருந்தும். அவை தொடங்குவதற்குச் சில நூறு மில்லிவோல்ட் கேட்கும், ஆனால் சில மைக்ரோவாட்டே போதும். ஆகவே ஜோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். அச்சில் அதற்குக் கூடுதல் உழைப்பு இல்லையே, அதுதானே அச்சின் பலம்.

10 மைக்ரோவாட் கிடைத்தால் பத்து நிமிடத்தில் 6 மில்லிஜூல் சேரும். மாற்றத்தில் பாதி போனாலும், உணரி விழித்து, அளந்து, ஒரு சிறு ரேடியோ செய்தி அனுப்பிவிட்டுத் தூங்க அது தாராளம்.


அச்சுமை எழுதியது:

ஐந்து வாரம் கழித்து வருகிறேன்.

முதலில் துகள் ஐயா சொன்ன நான்கு பட்டைகள். பழைய வரிசையையும் புதிய வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு அளந்தேன். வெள்ளியைக் கடைசியில் வைத்து, தொடும் இடத்தைத் தேய்த்தபோது, அதே பரப்புக்குத் தொடுமின்தடை ஏழில் ஒரு பங்காகிவிட்டது.

பிறகு விசிறி மடிப்பு. கால் ஒவ்வொன்றும் 12 மில்லிமீட்டர் நீளம், 4 மில்லிமீட்டர் அகலம். மடிப்பில் வெள்ளி மட்டும். முதல் பட்டையில் அந்த வெள்ளியே மடிப்பில் வெடித்தது. அடுத்ததில் 1 மில்லிமீட்டர் கம்பியை உள்ளே வைத்து, அதன் மேல் உருட்டி மடித்தேன். வெடிப்பு நின்றது. குழாயின் வெளி விட்டம் 60 மில்லிமீட்டர். பதினாறு மடிப்பும் அதைச் சரியாக ஒரு சுற்று சுற்றின.

இணைத்ததும் மல்டிமீட்டர் காட்டியது 105 மில்லிவோல்ட். சும்மா காற்றில், ஈரத்துணி இல்லாமல். மின்தடை 265 ஓம். பத்து மைக்ரோவாட் கணக்கு வருகிறது. மூன்று முறை வயரைக் கழற்றி மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டு அந்த எண்ணைக் காட்டினேன்.

105 என்றால் ஜோடிக்கு 23 டிகிரிதான் கிடைக்கிறது, பாதிக்கும் குறைவு. எங்கே போகிறது என்று ஒவ்வொரு மடிப்பாக ஊசி வைத்து அளந்தேன். குழாயின் அடிப்பக்க மடிப்புகள் நன்றாகத் தருகின்றன. உச்சியில் இருக்கும் நான்கு மடிப்புகள் மிகவும் மோசம். கீழிருந்து சூடேறி மேலெழும் காற்று முழுவதும் உச்சி மடிப்புகளைத்தான் சூழ்ந்து போகிறது, அவற்றின் நுனியும் சூடாகவே இருக்கிறது. மடிப்புகளுக்கு நடுவிலும் இரு பக்கத்திலும் தெரிந்த வெறும் குழாயை மெல்லிய நுரைத் தாளால் மூடினேன். மின்னழுத்தம் 131க்கு ஏறியது. பதினாறு மைக்ரோவாட். ஒரு துண்டு நுரைத் தாள் தந்த பலனை மூன்று மாதம் மையோடு போராடியும் நான் அடையவில்லை.

ஐம்பது முறை குழாயிலிருந்து கழற்றிச் சுற்றினேன். 265 ஓம் 274 ஆனது. மெம்பிரேன் சுவிட்சில் இதைவிட மோசமான பசைகளோடு வேலை செய்திருக்கிறேன்.

அடுத்த சட்டத்துக்குப் படம் வரைந்துவிட்டேன்: 64 ஜோடி, குழாயின் நீளவாக்கில் ஐந்தாறு வளையங்கள், உச்சிப் பகுதியை வெறுமையாக விட்டு அதை நுரையால் மூடுவதாகத் திட்டம். மின்கலம் ஐயா சொன்ன வகைச் சிப்பும் வந்துவிட்டது. வெண்பனி சகோதரி, ஒரே ஒரு கேள்வி: அடிப்பக்கத்தில் மடிப்புகளை இன்னும் நெருக்கினால் நடுவில் காற்று அடைபட்டுப்போகுமா? நுனிகளுக்கு இடையே இப்போது 16 மில்லிமீட்டர் இருக்கிறது. 8 ஆக்கலாமா?


வெண்பனி எழுதியது:

105 என்று படித்ததும் என் இருக்கையில் இருக்க முடியவில்லை அண்ணா. உச்சி மடிப்புகளைத் தனியாக அளந்தீர்களே, அந்த அளவீடு எனக்கு 131ஐவிடப் பெரிது.

8 மில்லிமீட்டர் என்றால் இரு பக்கத்துச் சூடான காற்றடுக்குகளும் ஒன்றையொன்று தொட்டுவிடும் என்று அஞ்சுகிறேன். 12இல் ஒரு பட்டை, 8இல் ஒரு பட்டை, நான்கு ஜோடி மட்டும் அச்சிட்டு, இரண்டையும் குழாயின் அடியில் அடுத்தடுத்து வைத்து அளந்துவிடுங்கள். பெரிய சட்டம் அதுவரை காத்திருக்கட்டும். எண்களை இங்கே போடுங்கள், நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.